ஊட்டி மலை ரயிலோட பாலம், குகை, ஸ்டேஷன்: சிமுலேட்டருக்கு மாடல் பண்றது எப்படி

நீலகிரி மலை ரயில் ரூட்டை கம்ப்யூட்டர் ரயில் சிமுலேட்டர்ல கட்டணும்னு இறங்குறவங்க பெரும்பாலும் எக்ஸ் கிளாஸ்னு சொல்ற இந்த லைனோட நீராவி இன்ஜின்லதான் ஆரம்பிக்கிறாங்க, அது அழகுதான் யாரு இல்லன்னா, ஆனா அந்த இன்ஜின் ஓடுறதுக்கு பாலம் வேணும் குகை வேணும் ஸ்டேஷன் வேணும், அதையெல்லாம் வேற ஏதோ ஊரு ரூட்ல இருந்து எடுத்து ஒட்டினா பார்த்த உடனே தெரிஞ்சிரும் இது நம்ம மலை இல்லன்னு. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர், அதுக்குள்ள 208 வளைவு, 250 பாலம், 16 குகை. இவ்ளோ சாமான் நெருக்கமா இருக்கிற லைன்ல இன்ஜினை விட இதுங்கதான் ஸ்க்ரீன்ல அதிக நேரம் தெரியும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், மலை லைன்ல ஒரு மாடல் நிஜமா தெரியுதா இல்லையாங்கிறதை முடிவு பண்றது அந்த கட்டடத்தோட சுவரோ ஜன்னலோ கிடையாது, அது மலையில போய் ஒட்டுற இடம்தான். தடுப்புச் சுவர், கல் கட்டு, தண்ணி போற கால்வாய், தூணோட அடி, குகை வாய்க்கு ரெண்டு பக்கமும் இருக்கிற பாறை. ஜன்னல் கம்பியை எண்ணி எண்ணி வைச்சுட்டு இதையெல்லாம் விட்டுட்டா கேக் மேல வச்ச பொம்மை மாதிரி நிக்கும். அதனால இந்த வழிமுறை முழுக்க அந்த ஒட்டுற இடத்தைச் சுத்தியே தான் இருக்கும், சரியா.

என்ன சாஃப்ட்வேர்னா, மாடலுக்கு பிளெண்டர், காசு கிடையாது. சிமுலேட்டர் நான் ஓப்பன் ரெயில்ஸ வச்சுதான் சொல்றேன், அதுவும் இலவசம், 2001ல வந்த பழைய மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டரோட ஃபைல்களை அப்டியே படிக்கும், அதுக்கு ரூட் எடிட்டர் டிஎஸ்ஆர்இ. டிரெயின்ஸ்னு (Trainz) இன்னொரு சிமுலேட்டர் இருக்கு, அதுல பண்றவங்களுக்கும் முக்கால்வாசி விஷயம் இதேதான், எக்ஸ்போர்ட் பண்ற இடத்துலதான் மாறும். படத்துக்கு கிம்ப், எழுத்துக்கு இங்க்ஸ்கேப். இதுக்கு மேல எதுவும் வாங்க வேண்டாம்.

அளவு எடுக்கிறதுல இருந்து வருவோம். டேப்பை எடுத்துக்கிட்டு லைன்ல இறங்கி நடக்கிற வேலையே வேண்டாம், அது சட்டப்படி குத்தம், அதுக்கு மேல கல்லாறு பக்கம் யானை வரும். பிளாட்ஃபாரத்துல நின்னு எடுத்த போட்டோ போதும், ஏன்னா போட்டோக்குள்ளயே ஸ்கேல் இருக்கு. இது மீட்டர் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கு உள்பக்க இடைவெளி சரியா 1 மீட்டர். கட்டடத்துக்கு நேரா நின்னு, தண்டவாளமும் ஃபிரேம்ல விழுற மாதிரி எடுத்தா அதை வச்சு மீதியெல்லாம் கணக்குப் போட்டுக்கலாம், ஆனா தண்டவாளம் கேமராவுக்கு பக்கத்துல இருக்கும் சுவர் தள்ளி இருக்கும், அதனால அப்டியே அளந்தா தப்பா வரும், எஃப்ஸ்பைன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு அதுல போட்டு பெர்ஸ்பெக்டிவ் சரி பண்ணி பிளெண்டருக்குள்ள கேமராவா கொண்டு வந்துடுங்க.

சுவருக்கு நேர் அளவு வேணும்னா கூரையைப் பாருங்க. தகரக் கூரைன்னா ஒரு மேடுக்கும் அடுத்த மேடுக்கும் பொதுவா 3 இஞ்ச், அதாவது 76 மில்லிமீட்டர். ஆஸ்பெட்டாஸ் ஷீட்னா 146 மில்லிமீட்டர். கூரை ஓரத்துல மேடு எத்தனைன்னு எண்ணிப் பெருக்கினா கட்டடத்தோட நீளம் வந்துரும், ஷீட்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருந்தாலும் மேடு மேட்டுலதான் உக்காரும், அதனால கணக்கு கெடாது. தண்ணி டேங்க் அந்த அழுத்தின தகடு போட்ட டைப்பா இருந்தா ஒரு தகடு 4 அடிக்கு 4 அடி, தகட்டை எண்ணுங்க முடிஞ்சுது. கதவு உயரத்தை வச்சு அளக்காதீங்க, பழைய கட்டடத்துல கதவு ஒண்ணொண்ணும் ஒரு சைஸ்.

அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு இங்கெல்லாம் ரோட்டுல போய் நிம்மதியா நின்னு எடுக்கிறது கஷ்டம், ரயில்ல போகும்போது எடுக்கிறதுதான் வழி. அது ஒரு வகையில வசதி, பல்சக்கர லைன்ல, அதாவது நடுவுல இருக்கிற பல்லு வச்ச ரேக் பட்டையைப் பிடிச்சு இன்ஜின் ஏறுற பகுதியில, வண்டி மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்துக்குதான் போகும், ஜன்னல்ல இருந்து வீடியோ எடுத்தீங்கன்னா ஒவ்வொரு பாலத் தூணும் பல கோணத்துல கிடைக்கும், அப்புறம் வீட்ல உக்காந்து ஃபிரேம் ஃபிரேமா எடுத்துக்கலாம். ஒரு பக்கம்தான் கிடைக்கும், திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம் உக்காருங்க. ஹில்குரோவ்ல இன்ஜினுக்கு தண்ணி பிடிக்க நிக்கும், அப்ப இறங்கி ஸ்டேஷன் கட்டடம், தண்ணிக் குழாய், அடி மட்டம் எல்லாம் எடுத்துடுங்க, தின்பண்டம் கையில இருந்தா உள்ள வைங்க, குரங்கு கேமராவையும் சேர்த்து இழுக்கும். வெலிங்டன் ராணுவ ஏரியா, அருவங்காடுல கார்டைட் ஃபேக்டரி, அந்தப் பக்கமெல்லாம் கேமராவை ஸ்டேஷனோட நிறுத்திக்கங்க, டிரோன் பேச்சே வேண்டாம்.

வெயில் நாள்ல எடுத்த போட்டோவை டெக்ஸ்ச்சருக்கு (மாடல் மேல ஒட்டுற படம்) வச்சுக்காதீங்க, நிழல் படத்துலயே பதிஞ்சிடும், அப்புறம் சிமுலேட்டர்ல சூரியன் ஒரு பக்கம் நிழல் ஒரு பக்கம்னு அசிங்கமா இருக்கும். நம்ம மலையில மேகம் இறங்கின நாளுக்கா பஞ்சம், அந்த மாதிரி நாள்ல எடுத்தா வெளிச்சம் எல்லா பக்கமும் ஒரே மாதிரி விழும், டெக்ஸ்ச்சருக்கு அதை விட நல்ல வெளிச்சம் கிடையாது. டூரிஸ்ட் ஐயோ மேகம் மறைச்சிருச்சேன்னு புலம்பும்போது நம்மாளு சுவரை போட்டோ எடுத்துக்கிட்டு இருப்பான்.

இப்ப பிளெண்டர். யூனிட்டை மெட்ரிக்ல வச்சு 1 யூனிட் 1 மீட்டர்னு விட்டுடுங்க. முதல் வேலையா 1 மீட்டர் கேஜ் தண்டவாளம் ஒரு துண்டு போட்டு அதை பூட்டி வச்சுக்கங்க, எந்த மாடலை ஆரம்பிச்சாலும் அது பக்கத்துல இருக்கணும், பிளாட்ஃபாரம் எவ்ளோ தள்ளி, கூரை ஓரம் எவ்ளோ நீளுதுன்னு கண்ணுக்கு தெரிஞ்சுகிட்டே இருக்கும். ஒரிஜின் புள்ளி, அதாவது மாடலைப் பிடிச்சு வைக்கிற புள்ளி, ஸ்டேஷனுக்கு தரை மட்டத்துல, பாலத்துக்கு தண்டவாள மட்டத்துல. எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாடி ஸ்கேல், ரொட்டேஷன் ரெண்டையும் அப்ளை பண்ணிடுங்க, பேக்ஃபேஸ் கல்லிங்கை (பரப்போட பின்பக்கத்தை மறைக்கிற செட்டிங்) ஆன் பண்ணி பாருங்க, எந்தப் பரப்பாவது மறைஞ்சா நார்மல், அதாவது அந்தப் பரப்பு பார்க்கிற திசை, திரும்பி இருக்குன்னு அர்த்தம்.

பாலம்தான் இதுல பெரிய சமாச்சாரம். 250 பாலத்தையும் தனித்தனியா செய்ய ஆயுசு பத்தாது, அதனால கிட்டு மாதிரி பண்ணணும், கர்டர் (தூணுக்குத் தூண் போற இரும்பு உத்தரம்) தனி, தூண் தனி, கரைச்சுவர் தனி. இதுக்கு வேலை மிச்சம்ங்கிறது மட்டும் காரணம் இல்ல, சரிவும் ஒரு காரணம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல அதிகபட்ச ஏத்தம் 12க்கு 1, அதாவது 12 மீட்டர் முன்னால போனா 1 மீட்டர் மேல ஏறணும், டிகிரியில சொன்னா கிட்டத்தட்ட 4.76. பாலத்தை ஒரே மாடலா செஞ்சு இந்த சரிவுக்கு சாய்ச்சு வச்சீங்கன்னா தூணும் சேர்ந்து சாயும், 15 மீட்டர் உயரத் தூணுக்கு அடி ஒண்ணேகால் மீட்டர் தள்ளிப் போயிடும், பார்க்க விழப்போற பாலம் மாதிரி இருக்கும். நிஜத்துல கர்டர் சாய்ஞ்சு இருக்கும், தூண் நட்டமா நிக்கும். 18 மீட்டர் கர்டர்னா ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் ஒன்றரை மீட்டர் உயர வித்தியாசம், அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு தூணோட தலையிலயும் ஏத்தி வைக்கணும்.

வளைவுல இருக்கிற பாலத்துல இன்னொரு தப்பு ரொம்ப பேர் பண்றாங்க, டிராக் வளையுதுன்னு கர்டரையும் கர்வ் மாடிஃபயர் போட்டு வளைச்சுடறாங்க. இரும்பு பிளேட் கர்டர் நேராத்தான் இருக்கும், ஒவ்வொரு தூண்லயும் கொஞ்சம் கொஞ்சமா திசை மாறி அடுத்த நேர் கர்டர் ஆரம்பிக்கும், மேல டிராக் மட்டும்தான் வளைஞ்சு போகும். அதனால கர்டர் ஓரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடைவெளி நடுவுல ஒரு மாதிரி, முனையில ஒரு மாதிரி இருக்கும், அந்தக் கோணல்தான் மலைப் பாலத்தோட லட்சணம், அதை அழகு பண்றேன்னு நேராக்கிடாதீங்க.

தூணை கருங்கல் கட்டு டெக்ஸ்ச்சர்ல, மேல போகப் போக லேசா ஒல்லியாகுற மாதிரி பண்ணுங்க, தலையில கர்டர் உக்கார்ற கல்லு கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும். தரைக்கு கீழ இன்னும் ஒரு 10 மீட்டர் நீட்டி விடுங்க, அப்பதான் ஒரே தூணை ஆழமான ஓடையிலயும் வைக்கலாம், மேடான இடத்துலயும் புதைக்கலாம். கர்டர்ல பலத்துக்கு நட்டமா நிக்கிற ஸ்டிஃப்னர் பட்டைகளை மட்டும் நிஜ ஜியாமெட்ரியா வைங்க, ரிவெட்டை டெக்ஸ்ச்சர்ல வரைஞ்சா போதும். ரிவெட் ஒண்ணொண்ணா மாடல் பண்ணி பாலிகானை லட்சக்கணக்குல ஏத்தினவங்க கம்ப்யூட்டர்ல பாலம் நல்லா இருக்கும், அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல ஸ்லைடு ஷோதான்.

சரி, இப்ப தரை. இதைப் புரிஞ்சுகிட்டா பாதி வேலை முடிஞ்சுது. ஓப்பன் ரெயில்ஸ்ல ஒரு டைல் 2048 மீட்டர், அதுல உயரப் புள்ளிகள் 8 மீட்டருக்கு ஒண்ணு. நம்ம லைனுக்காக மலையை வெட்டின படி இருக்கே அது நாலஞ்சு மீட்டர் அகலம்தான். 8 மீட்டர் வலையில அஞ்சு மீட்டர் படியை வெட்டவே முடியாது, ஒண்ணு மண்ணு டிராக் மேல ஏறும் இல்ல டிராக் அந்தரத்துல தொங்கும். உயர டேட்டா வேற 30 மீட்டருக்கு ஒரு புள்ளிங்கிற சாட்டிலைட் டேட்டாதான் பெரும்பாலும் போடறோம், அதுல சின்ன ஓடை எல்லாம் பதிவே ஆகி இருக்காது. இதுக்கு டெரெய்னோட மல்லுக்கட்டி பிரயோஜனம் இல்ல, டிராக் பக்கம் தரையை ஒரு ரெண்டு மூணு மீட்டர் தாராளமா கீழ இறக்கிடுங்க, இறக்கின பள்ளத்தை மாடலால மூடுங்க. பள்ளத்தாக்கு பக்கம் கல் தடுப்புச் சுவர், மலைப்பக்கம் வெட்டின பாறை முகம், அதுக்கு அடியில கால்வாய். இந்த மூணையும் 10 மீட்டர் 20 மீட்டர் துண்டா, நேர், இடது வளைவு, வலது வளைவுன்னு செஞ்சு வச்சுக்கிட்டீங்கன்னா கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் அதுதான் ஓடும். நிஜ லைனும் அப்டித்தான், மழைக்காலத்துல மண் சரிஞ்சு சரிஞ்சு கட்டின சுவருக்கு பக்கத்துலயே புது சுவர், பழைய கருங்கல் ஒரு இடம், கான்கிரீட் ஒரு இடம், கம்பி வலைக்குள்ள கல்லு அடுக்கினது ஒரு இடம், அதனால மூணு வகையும் செஞ்சு கலந்து போடுங்க, ஒரே சுவரை ரிப்பீட் பண்ணா மாத்து குறைஞ்சிடும்.

குகைக்கும் இதே 8 மீட்டர் தொல்லைதான். டெரெய்ன்ல ஓட்டை போட்டா அது 8 மீட்டர் கட்டமாத்தான் விழும், மீட்டர் கேஜ் குகையோட வாய் அதுல பாதிதான் இருக்கும். அதனால வாய்ச்சுவரை மட்டும் செஞ்சு வச்சா ரெண்டு பக்கமும் வானம் தெரியும். வாய்ச்சுவரோட சேர்த்தே இடது வலது மேல மூணு பக்கமும் ஆறேழு மீட்டருக்கு பாறைப் பாவாடை ஒண்ணு செஞ்சு, அதோட ஓரம் தரைக்குள்ள புதையுற மாதிரி உள்ள தள்ளி வைங்க, ஓரத்தை மேடு பள்ளமா கிழிச்ச மாதிரி விட்டா தரையோட கலந்துக்கும், மேல ரெண்டு செடி ஒரு பெரணி வச்சா ஜாயிண்ட்டே தெரியாது. எல்லா குகைக்கும் செதுக்கின கல் வளைவு வைக்காதீங்க, வீடியோவைப் பாருங்க, உள்ள வெறும் பாறையா விட்ட குகையும் இருக்கு, அதுக்கு உள்சுவரை கோணல்மாணலா, கரி படிஞ்ச கருப்புல பண்ணுங்க. டிரெயின்ஸ்ல பண்றவங்களுக்கு டிக்ஹோல்னு ஒரு செட்டிங் இருக்கு, பழைய வெர்ஷன்கள்ல தரைவலை 10 மீட்டரோ 5 மீட்டரோதான், அதனால பாவாடை அங்கயும் வேணும்.

ஸ்டேஷன் கட்டடம் இதுக்கு முன்னால சும்மா வேலை. நாலு சுவரு, சரிஞ்ச கூரை, ஒரு வராந்தா. கூரை மேடு பள்ளத்தை ஜியாமெட்ரியா போடாதீங்க, டெக்ஸ்ச்சர்லயே வரைஞ்சா போதும், ஓரத்துல மட்டும் ஒரு மெல்லிய பட்டையில ஆல்ஃபா (படத்துல ஊடுருவித் தெரியுற பகுதி) வச்சு அந்த அலையை வெட்டிக் காட்டுங்க. தகரக் கூரை டெக்ஸ்ச்சருக்கு மிப்மேப் (தூரத்துக்குன்னு அதே படத்தோட சின்ன சைஸ் நகல்கள்) கண்டிப்பா வேணும், இல்லன்னா தூரத்துல பார்க்கும்போது மினுமினுன்னு நடுங்கும். டெக்ஸ்ச்சர் சைஸ் 1024, 2048ன்னு ரெண்டின் அடுக்காவே இருக்கட்டும், ஒரு ஸ்டேஷனுக்கு ஒரே படத்துல சுவரு கூரை கதவு எல்லாத்தையும் அடுக்கிடுங்க, மெட்டீரியல் குறைஞ்சா ஃபிரேம் ரேட் ஏறும். அழுக்கு வைக்கிறதுல கஞ்சத்தனம் வேண்டாம், இது மழை ஊரு, சுவரோட அடியில பச்சை பாசி, கூரைத் தண்ணி விழுற இடத்துல கருப்புக் கோடு, ஆணி அடிச்ச இடத்துல துரு. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே கோடு ரிப்பீட் ஆகாம பாத்துக்கங்க, கண்ணு அதைத்தான் முதல்ல பிடிக்கும்.

பெயர்ப் பலகை பத்தி தனியா சொல்லணும். மஞ்சள் பலகை, கருப்பு எழுத்து, மூணு மொழி, கீழ கடல் மட்டத்துல இருந்து எவ்ளோ உயரம்னு. பிளெண்டரோட டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட்ல தமிழ் அடிச்சா அது எழுத்தை ஒழுங்கா கோர்க்காது, கேத்தின்னு அடிச்சா கொம்பு ககரத்துக்கு முன்னால வராம பின்னால போய் ஒட்டும், குன்னூர்ல கு உடைஞ்சு நிக்கும். இங்க்ஸ்கேப்ல அடிச்சு படமா மாத்தி பலகைல ஒட்டுங்க. இது தெரியாம உடைஞ்ச தமிழோட ரிலீஸ் ஆன ரூட்டுகளைப் பார்க்கும்போது வயித்தெரிச்சலா இருக்கு, இன்ஜின் வால்வு கியரை அவ்ளோ துல்லியமா பண்ணவங்க ஊர் பேரைக் கோட்டை விட்டுடறாங்க. பலகைக்கு மட்டும் தனி டெக்ஸ்ச்சர் கொடுங்க, பெரிய படத்துல ஒரு மூலையில போட்டா எழுத்து மங்கிடும்.

நடுவுல ஓடுற ரேக் பட்டையையும் கேட்பீங்க. ஆப்ட் சிஸ்டம், ரெண்டு பட்டை பக்கத்துல பக்கத்துல, ஒண்ணோட பல்லு இன்னொண்ணோட பள்ளத்துக்கு நேரா வர்ற மாதிரி தள்ளி இருக்கும், தண்டவாளத்தை விட உயரமா இருக்கும். பல்லை எல்லாம் ஜியாமெட்ரியா போட்டா கம்ப்யூட்டர் அழுதுரும், ரெண்டு நட்டமான பட்டை போட்டு மேல் ஓரத்துல பல்லை ஆல்ஃபாவா வெட்டிடுங்க. கல்லாறுலயும் குன்னூர்லயும் ரேக் ஆரம்பிக்கிற நுழைவுத் துண்டை மட்டும் ஒழுங்கா மாடல் பண்ணுங்க, அங்கதான் வண்டி மெதுவா போகும், ஆளு கேமராவைக் கீழ இறக்கிப் பார்ப்பான்.

எல்ஓடி, அதாவது தூரம் போகப் போக மாடலோட விவரத்தைக் குறைக்கிற விஷயத்துல சமவெளி ரூட்டுக்கு சொல்ற அறிவுரையை இங்க கேக்காதீங்க. 500 மீட்டருக்கு அப்புறம் மாடலை மறைச்சுடுன்னு சொல்வாங்க, கோயமுத்தூர் பக்கம் அது சரி. இங்க லைன் வளைஞ்சு வளைஞ்சு போறதால நீங்க தாண்டி வந்த பாலமே எதிர் மலையில இருந்து முழுசா தெரியும், அதை மறைச்சா மலையில டிராக் மட்டும் மிதக்கும். ஓப்பன் ரெயில்ஸ்ல சாதாரணமா பார்வைத் தூரம் 2000 மீட்டர், தூணும் கர்டரும் தடுப்புச் சுவரும் கடைசி வரைக்கும் பெட்டி வடிவத்துலயாவது இருக்கணும், கைப்பிடிக் கம்பி, படிக்கட்டு, ஜன்னல் விவரம் இதெல்லாம் 300 மீட்டர்லயே காணாம போகலாம், யாரும் கேக்க மாட்டாங்க.

எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஓப்பன் ரெயில்ஸுக்கு எஸ் ஃபைல், கூட எஸ்டி ஃபைல், பிளெண்டருக்கு அதுக்குன்னு ஆட்-ஆன் இருக்கு. டெக்ஸ்ச்சர் ஏஸ் வடிவம், டிடிஎஸ்-ஸும் படிக்கும். ஷேப்ஸ் ஃபோல்டர்ல மாடல், டெக்ஸ்ச்சர்ஸ் ஃபோல்டர்ல படம், ரூட்டோட ரெஃப் ஃபைல்ல ஒரு வரி சேர்த்தா டிஎஸ்ஆர்இ லிஸ்ட்ல பேரு வந்துரும். டிரெயின்ஸுக்கு எஃப்பிஎக்ஸ்.

வச்ச உடனே ஒரு தடவை கோச்சை ஓட்டிப் பாருங்க, வெளிக் கேமராவுல இருந்து, மேல போகும்போதும் கீழ வரும்போதும். ரேக் லைன்ல இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்னு தள்ளிக்கிட்டுதான் போகும், அதனால முன்னால போற கோச்சோட மூலைதான் வளைவுல முதல்ல தடுப்புச் சுவரையோ குகை வாயையோ உரசும், இன்ஜினை மட்டும் ஓட்டிப் பாத்து சரின்னு விட்டுடாதீங்க. அப்புறம் வெளிச்ச நேரத்தை காலைக்கும் சாயங்காலத்துக்கும் மாத்திப் பாருங்க, தூண் அடியில தரைக்கும் கல்லுக்கும் நடுவுல கோடு தெரிஞ்சா அங்க ஒரு புதரையோ உருண்டு விழுந்த பாறையையோ போடுங்க.

ஃபைல் பேரை மட்டும் ஸ்டேஷன், பாலம்1, சுவர்2ன்னு பொதுவா வைக்காதீங்க, அடுத்தவங்க ரூட்டோட சேரும்போது ஒண்ணு மேல ஒண்ணு எழுதி ரெண்டு பேரோடதும் போயிடும். என்எம்ஆர்னு (நீலகிரி மலை ரயிலோட இங்கிலீஷ் சுருக்கம்) முன்னால போட்டு, அப்புறம் இடத்தோட பேரு, அப்புறம் நீளம், சரிவு, வளைவு எந்தப் பக்கம்னு வரிசையா வைங்க. டிஎஸ்ஆர்இல நூறு சுவர்த் துண்டுக்கு நடுவுல வலது வளைவு 20 மீட்டரைத் தேடும்போது அந்தப் பேர்தான் கண்ணுல மாட்டும்.